ஃபிரி ஃபிரி: தேங்காய்ப் பாலில் பிசைந்து பொரிக்கும் தஹிட்டித் தீவின் எட்டு வடிவப் பலகாரம்
அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிரி ஃபிரி என்பது என்ன பலகாரம்?

தென் பசிபிக்கில் பிரெஞ்சு பாலினீசியாவின் பெரிய தீவான தஹிட்டியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு இது. மைதா, சர்க்கரை, ஈஸ்ட் மூன்றையும் தேங்காய்ப் பாலில் பிசைந்து, பொங்கவிட்டு, எட்டு என்ற எண்ணின் வடிவில் முறுக்கி எண்ணெயில் பொரிப்பார்கள். வெளித்தோல் மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே பன் போல மெத்து. கடித்ததும் தேங்காய் முகத்தில் அடிக்காது. மென்று முடிக்கும்போதுதான் பின்னால் வந்து நிற்கும். தலைநகர் பாபேட்டேயின் சந்தை ஞாயிறன்று விடியும் முன்பே களைகட்டிவிடும். ஃபிரி ஃபிரி வாங்க வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

தஹிட்டி மொழியில் ‘ஃபிரி’ என்றால் பின்னுவது. நியூசிலாந்தின் மாவோரி மொழியில் அதே சொல் ‘ஃபிரி’க்கு நெருக்கமான ஒலியில், அதே பொருளில் இன்றும் இருக்கிறது. முறுக்கிய மாவைப் பார்த்தால் அந்தச் சொல் பொருந்தத்தான் செய்கிறது.

பசிபிக் தீவில் கோதுமை விளையாதே, இதை எப்படிப் பாரம்பரியம் என்கிறார்கள்?

நியாயமான கேள்வி. ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன் (1767இல் வாலிஸ், 1769இல் குக்) தஹிட்டியில் கோதுமையும் கிடையாது, எண்ணெய் காய்ச்சும் சட்டியும் கிடையாது. ஈரப்பலா, சேம்பு, வாழை, மீன் எல்லாம் குழிக்குள் சூடான கற்களின் மேல் இலை மூடி வெந்தன. மாவும் இரும்புச் சட்டியும் கப்பலில் வந்தவை. அங்கே ரொட்டிக்கும் மாவுக்கும் சொல்லும் ‘ஃபராவோவா’ என்ற பெயரே ஆங்கிலத்தில் மாவுக்கு உள்ள சொல்லின் திரிபு. தேங்காய் மட்டும் அவர்களுடையது. வந்த மாவைத் தண்ணீருக்கும் பாலுக்கும் பதில் இருந்த தேங்காயில் பிசைந்தார்கள். நம் ஊரில் மிளகாய் இல்லாத குழம்பை நினைத்துப் பார்க்க முடியுமா? மிளகாயும் கப்பலில் வந்ததுதான்.

சமோவாவின் பானிகேகே, டோங்காவின் கேகே, ஹவாயின் மலசாடா எல்லாம் இதுதானா?

உறவுக்காரர்கள், ஆனால் வேறு வேறு வீடு. சமோவாவின் உருண்டை பானிகேகே பெரும்பாலும் பழுத்த வாழைப்பழம் சேர்த்த தளர்ந்த மாவு; போண்டா போடுவது போலக் கையால் கிள்ளி எண்ணெயில் விடுவது. டோங்காவின் கேகேயில் ஈஸ்ட் போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. மலசாடா போர்ச்சுகீசியர்களுடையது, 1878 முதல் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த மதேரா, அசோர்ஸ் தீவுத் தொழிலாளர்கள் கொண்டுவந்தது. அதில் முட்டையும் வெண்ணெயும் இருக்கும், தேங்காய்ப் பால் அடிப்படை இல்லை. தேங்காய்ப் பாலிலேயே மாவு பிசைந்து ஊறுவது வேண்டுமென்றால் ஃபிரி ஃபிரியிலிருந்து தொடங்குங்கள்.

அளவு சொல்லுங்கள்.

16 உருப்படிக்கு:

மைதா 500 கிராம்
சர்க்கரை 100 கிராம்
உப்பு 6 கிராம் (மட்டமாக ஒரு டீஸ்பூன்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை டீஸ்பூன்)
தேங்காயின் முதல் பால் 200 மில்லி
இரண்டாம் பால் 120 முதல் 150 மில்லி வரை
பொரிக்க எண்ணெய் ஒரு லிட்டர்

முட்டை, வெண்ணெய், பசும்பால் எதுவும் வேண்டாம். மாவுக்குத் தேவையான கொழுப்பு முதல் பாலிலேயே இருக்கிறது.

டம்ளர் கணக்கில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மைதாவை அழுத்தி அளந்தால் ஒரு விதம், உதிர்த்து அளந்தால் ஒரு விதம், 500 கிராமில் 60, 70 கிராம் சாதாரணமாகக் கூடிக் குறையும். முறுக்கு மாவில் அது சமாளிக்கலாம். ஈஸ்ட் மாவில் அதுவே மெத்தென்று இருப்பதற்கும் கட்டையாகப் போவதற்கும் உள்ள வித்தியாசம். சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள்.

எந்தத் தேங்காய்ப் பால்? டின், டெட்ரா பாக்கெட், பவுடர் போதுமா?

போதும். ஆனால் மூன்றும் மூன்று மாதிரி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். இந்தப் பலகாரத்தில் வருகிற சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது, எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

புதுத் தேங்காய்தான் முதல் தேர்வு. நன்றாக முற்றிய தேங்காயில் 200 கிராம் துருவல் எடுங்கள். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் விழாமல் துருவினால் பால் வெள்ளையாக இருக்கும். 150 மில்லி வெந்நீர் விட்டு மிக்ஸியில் அரை நிமிடம் மட்டும் சுற்றுங்கள். நீளமாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரிந்து, பிழியும்போது பாலுக்கு மேல் நெய் போல மிதக்கும். துணியில் கட்டிப் பிழிந்தால் ஏறக்குறைய 200 மில்லி முதல் பால் கிடைக்கும். சக்கைக்கு இன்னும் 150 மில்லி வெந்நீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். தஹிட்டியிலும் மரப் பலகையில் உட்கார்ந்து, முனையில் பற்கள் உள்ள இரும்பில்தான் துருவுவார்கள். நம் துருவலையைப் பார்த்தால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டு பாலையும் மெல்லிய துணியில் இன்னொரு முறை வடிகட்டுங்கள். மாவில் தங்கிவிட்ட தேங்காய்த் துணுக்கு எண்ணெயில் மாவுக்கு முன்னால் கருகும். பொரித்ததன் மேல் கரும்புள்ளி தெரிவதற்கும், நான்காவது ஈடு போடும்போது எண்ணெய் நுரைப்பதற்கும் இந்தத் துணுக்குகள்தான் பல நேரம் காரணம்.

டின் அல்லது டெட்ரா பாக்கெட் பால் என்றால் 200 மில்லி கெட்டிப் பாலும் 120 மில்லி தண்ணீரும். டின்னில் கொழுப்பு மேலே கட்டியாக உறைந்திருக்கும். முழுவதையும் வெதுவெதுப்பாக்கிக் கலந்த பிறகே அளக்க வேண்டும். மேலே இருக்கும் கட்டியை மட்டும் வழித்துப் போட்டால் மாவு குழைந்து எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். பவுடர் என்றால் பாக்கெட்டில் கெட்டிப் பாலுக்குச் சொல்லியிருக்கும் அளவில் கரையுங்கள். பல பவுடர்களில் பால் புரதம் சேர்ந்திருக்கும், பால் பொருள் சாப்பிடாதவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கவும்.

எந்தப் பாலானாலும் மாவில் விடும்போது கைச் சூட்டில் (35 முதல் 38 டிகிரி செல்சியஸ்) இருக்கட்டும். விரலை விட்டால் சூடென்றும் தெரியக் கூடாது, குளிர்ச்சி என்றும் தெரியக் கூடாது. கொதிக்கும் பாலை விட்டால் ஈஸ்ட் அப்போதே செத்துவிடும்.

மாவு பிசைவதில் முறை ஏதும் உண்டா?

உண்டு. எல்லாப் பாலையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கொழுப்பு மைதாவைச் சுற்றிப் படிந்துகொண்டால், உள்ளே தண்ணீர் போய்ப் பசை பிடிக்க நேரமாகும்.

மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் நான்கையும் கலந்து, இரண்டாம் பால் 120 மில்லியும் முதல் பாலில் பாதியும் விட்டு ஒன்று சேருங்கள். இந்த நிலையில் மாவு கரடுமுரடாக, கொஞ்சம் வறட்சியாகவே இருக்கும். மூடி 15 நிமிடம் வையுங்கள். பிறகு மீதி முதல் பாலை மூன்று தடவையாக விட்டுப் பிசையுங்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் மாவு வழுக்கிக்கொண்டு, பிரிந்து, பாழாகிவிட்டது போல இருக்கும். விடாமல் பிசைந்தால் இரண்டு நிமிடத்தில் பாலை இழுத்துக்கொண்டு மறுபடி சேரும். மொத்தம் 10 முதல் 12 நிமிடம். இயந்திரத்தில் 6 நிமிடம் போதும்.

பதம்: சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளர்ந்து, பரோட்டா மாவுக்குப் பக்கத்தில். கிண்ணத்தின் ஓரத்தை விட்டு விலக வேண்டும், அடியில் கொஞ்சம் ஒட்ட வேண்டும். கட்டியாகத் தெரிந்தால் மீதி இரண்டாம் பாலைத் தேக்கரண்டியால் விடுங்கள்.

கையில் ஒட்டுகிறதே, இன்னும் கொஞ்சம் மைதா தூவலாமா?

தூவாதீர்கள். ஒட்டுவது பிழை அல்ல. சேர்த்த சர்க்கரை கரையக் கரைய மாவு இளகும். பிசைந்த உடனே ஒட்டும் மாவு அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரு கைப்பிடி மைதா கூடினாலே உள்பக்கம் மெத்துப் போய் மறுநாள் பிஸ்கட் போல ஆகும். கையில் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். சிலர் தண்ணீர் தொடுவார்கள். அது பொரிக்கும்போது தெறிக்கும்.

எவ்வளவு நேரம் பொங்க வேண்டும்?

மணி பார்க்காமல் மாவைப் பாருங்கள்: ஏறக்குறைய இரண்டு மடங்கு. 30 டிகிரி வெயிலில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி. 22 டிகிரி அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்த மாவில் சர்க்கரை மைதாவில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த இனிப்பு ஈஸ்ட்டை மெதுவாக்கும், பன் மாவு வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

விரலில் மைதா தொட்டு மாவில் ஒரு குழி போடுங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் வேண்டும். மெல்ல, பாதி மட்டும் நிரம்பினால் சரி. அப்படியே நின்று, சுற்றிலும் மாவு அமுங்கினால் கடந்துவிட்டது.

ராத்திரி பிசைந்து காலையில் பொரிக்கலாமா?

ஞாயிறு காலைக்கு அதுதான் வசதி, சுவையும் கூடும். ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறையுங்கள். பிசைந்த மாவை அரை மணி வெளியே வைத்து, பிறகு மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் 8 முதல் 10 மணி நேரம். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும்.

காலையில் எடுக்கும்போது மாவு கல்லு மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், செத்துப்போகவில்லை. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் நடப்பதுதான் மாவுக்குள்ளும் நடந்திருக்கிறது. ஒரு மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகே திரியுங்கள். அவசரப்பட்டுத் திரித்தால் வெடித்து வெடித்துப் பிரியும். 24 மணிக்கு மேல் ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டாம். தேங்காய்ப் பாலில் ஒரு சிக்கு வாடை தொடங்கிவிடும்.

எட்டு எப்படிப் போடுவது?

இரண்டு வழி. இரண்டும் தஹிட்டியில் நடைமுறையில் உள்ளவை.

திரிக்கும் வழி: 58 கிராம் உருண்டை (நடுத்தர எலுமிச்சையைவிடப் பெரிது). மேடையில் எண்ணெயும் வேண்டாம், மைதாவும் வேண்டாம். உள்ளங்கையால் உருட்டி 30 சென்டிமீட்டர் திரியாக்குங்கள், பருமன் சுண்டுவிரல். பாதியில் சுருங்கிக்கொண்டால் விட்டுவிட்டு அடுத்த உருண்டைக்குப் போங்கள். ஐந்து நிமிடம் கழித்து இழுத்தால் சொன்னபடி கேட்கும். இரண்டு முனையையும் ஒன்றின் மேல் ஒன்று ஒரு சென்டிமீட்டர் ஏற்றி, அழுத்தி உருட்டி ஒட்டுங்கள். வளையம் கிடைக்கும். ஒரு கையில் ஒட்டிய இடத்தையும் மறு கையில் அதற்கு நேர் எதிரையும் பிடித்து, ஒரே ஒரு முறை திருப்பினால் எட்டு. ஒட்டிய இடத்தைக் குறுக்குச் சந்தில் வைக்காதீர்கள், ஒரு வளைவின் நடுவில் விடுங்கள். சந்தில் ஏற்கெனவே இரண்டு திரி ஒன்றின் மேல் ஒன்று இருக்கிறது. முடிச்சும் அங்கேயே விழுந்தால் அந்த இடம் மட்டும் வேகாது.

இழுக்கும் வழி: மாவு மிகத் தளர்ந்திருந்தால் இதுதான். எண்ணெய்க் கையால் ஓர் உருண்டை எடுத்து, மெதுவடைக்குப் போல நடுவில் கட்டைவிரலால் துளை போட்டு, இரண்டு கையின் ஆள்காட்டி விரலிலும் மாட்டிச் சுழற்றி நீட்டி, ஒரு முறுக்கு முறுக்கி நேரே எண்ணெயில் விடுவது. முனை ஒட்டும் வேலையே இல்லை. வடை தட்டிய கை இரண்டாவது ஈட்டிலேயே பழகிவிடும். வடிவம் ஒழுங்காக வராது, வர வேண்டியதும் இல்லை.

திரித்த முறையில் செய்தவற்றை எண்ணெய் தடவிய தாளில் வைத்து 15 முதல் 20 நிமிடம் மறுபடி பொங்கவிடுங்கள். தாளைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித் துண்டில் வைத்தால், எடுக்கும்போது விரல் பட்டு அமுங்காது. தாளோடு எண்ணெயில் நழுவவிட்டு, தாளை இடுக்கியால் எடுத்துவிடலாம்.

தேங்காய் எண்ணெயில்தானே பொரிக்க வேண்டும்?

அப்படிக் கட்டாயம் இல்லை. செக்குத் தேங்காய் எண்ணெய் 175 டிகிரி அருகிலேயே புகையத் தொடங்கும். நமக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய அதுதான். இரண்டாவது ஈட்டிலேயே காறல் வாடை வந்துவிடும். தேங்காய் எண்ணெய்தான் வேண்டுமென்றால் சுத்திகரித்தது. கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் நன்றாகப் பொருந்தும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை தேங்காயைத் தின்றுவிடும்.

ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர். அடிதட்டினால் அந்த இடம் கருகும்.

சூடு எவ்வளவு? தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

170 டிகிரி. 165க்குக் கீழே எண்ணெய் குடிக்கும், 180க்கு மேலே தோல் கருத்து உள்ளே பச்சையாக நிற்கும். ஒரு பக்கம் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். எட்டின் வளையத்துக்குள் கம்பியோ குச்சியோ விட்டுப் புரட்டுவது கரண்டியைவிடச் சுலபம்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் மிளகளவு மாவு போடுங்கள். மூழ்கி, இரண்டு மூன்று நொடியில் சின்னச் சின்னக் குமிழியோடு மேலே வந்து, முக்கால் நிமிட வாக்கில் பொன்னிறமானால் சரி. போட்டதும் துள்ளி வந்து பத்து நொடியில் சிவந்தால் அடுப்பைக் குறையுங்கள். அடியிலேயே யோசித்துக்கொண்டு கிடந்தால் பொறுங்கள்.

ஒரு ஈட்டுக்கு மூன்று. நான்காவது போட்டால் எண்ணெய் 15 டிகிரி இறங்கும், பிறகு அது ஏறுவதற்குள் மூன்றும் எண்ணெய் குடித்துவிடும். எடுத்ததும் கம்பித் தட்டில் வடியவிடுங்கள். தாளில் குவித்தால் ஆவி அடியில் மாட்டிக்கொண்டு தோல் நமத்துவிடும்.

மேலே கருத்துவிடுகிறது, உள்ளே வேகவில்லை. ஏன்?

எண்ணெய் அதிகச் சூடு, அல்லது திரி பருமன். இவை இரண்டும் சரியாக இருந்தும் கருத்தால் சர்க்கரையைப் பாருங்கள்: 500 கிராம் மைதாவுக்கு 150 கிராம் சர்க்கரை போட்டு 175 டிகிரியில் பொரித்தால் கருக்கத்தான் செய்யும். இனிப்பு அதிகம் வேண்டுமானால் மாவில் கூட்டாமல், பொரித்த சூட்டில் மேலே சர்க்கரையில் புரட்டுங்கள்.

எண்ணெய் குடித்துக் கனமாக இருக்கிறது.

மூன்று காரணங்களில் ஒன்று. சூடு குறைவு: தோல் வெளிறி, பிழிந்தால் எண்ணெய் வரும். மாவு அதிகம் பொங்கியது: எண்ணெயில் போட்டதும் எழும்பாமல் தட்டையாகும், பொரித்ததும் லேசான புளிப்பு வாடை அடிக்கும், தோலில் சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கும். கொழுப்பு அதிகம்: கெட்டிப் பால் மட்டுமே விட்டுப் பிசைந்தது. முதல் பாலையே 350 மில்லி விட்டால் சுவை கூடும் என்று நினைப்பது இயல்பு, கூடுவது எண்ணெய்தான்.

அதிகம் பொங்கிய மாவை வீணாக்க வேண்டாம். அமுக்கிக் காற்றை எடுத்து, மறுபடி உருட்டி, 15 நிமிடம் மட்டும் வைத்துப் பொரியுங்கள். முதல் தரம் வராது, சாப்பிட நன்றாக இருக்கும்.

பொரிக்கும்போது பக்கவாட்டில் வெடிக்கிறது.

கடைசிப் பொங்கல் போதவில்லை. தோல் இறுகிய பிறகு உள்ளே மாவு பெருக்கிறது, வழி இல்லாமல் கிழிக்கிறது. இன்னும் பத்து நிமிடம் வைத்து அடுத்த ஈட்டைப் போடுங்கள். திரி காற்றில் காய்ந்து மேலே ஏடு கட்டியிருந்தாலும் இதுவே நடக்கும். ஈரத் துணியால் தொடாமல் மூடிவையுங்கள்.

எட்டு எண்ணெயில் பிரிந்து கயிறாகிவிடுகிறது.

முனை ஒட்டும்போது விரலில் எண்ணெய் இருந்திருக்கும். ஒட்டும் முனையை மட்டும் ஈர விரலால் தொட்டு அழுத்துங்கள். அல்லது இழுக்கும் வழிக்கு மாறிவிடுங்கள்.

ஏலக்காய், வெனிலா, முட்டை சேர்க்கலாமா?

வெனிலா அவர்கள் வீட்டுச் சரக்கு. தஹிட்டி வெனிலா என்றே தனி இனம் உண்டு, அதே பிரெஞ்சு பாலினீசியாவின் தஹா தீவில் நிறைய விளைகிறது. ஒரு காயின் பாதி விதையை இளஞ்சூட்டுப் பாலில் கரைத்து விடலாம். எசன்ஸ் என்றால் ஒரு டீஸ்பூன். ஏலக்காய் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாக்கு அதை நம் ஊர்ப் பலகாரமாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். முட்டை தேவையில்லை, தோல் தடித்து, பேக்கரி டோனட் பக்கம் போய்விடும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம்?

110 கிராம் வெல்லத்தை இரண்டாம் பாலிலேயே கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவைத்துச் சேருங்கள். கரைத்த பால் 130 மில்லிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் சிவக்கும் என்பதால் எண்ணெயை 165க்கு இறக்குங்கள். நிறத்தை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது, முதல் ஈட்டில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிடுங்கள்.

கோதுமை மாவில் செய்யலாமா?

500 கிராமில் 150 கிராம் வரை. 15 மில்லி பால் கூடுதலாகக் குடிக்கும். முழுவதும் கோதுமை என்றால் பூரிக்கும் ரொட்டிக்கும் நடுவில் ஏதோ ஒன்று வரும்.

ஈஸ்ட் இல்லாமல், உடனே செய்ய முடியுமா?

ஃபிரி ஃபிரி முடியாது. பேக்கிங் பவுடர் மாவு திரியாக நீளாது, இழுத்தால் அறுந்துவிடும். அவசரத்துக்குச் சமோவாப் பக்கம் போங்கள், உருண்டை பானிகேகே 20 நிமிட வேலை.

நன்றாகக் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழம் உரித்து 200 கிராம், மசித்து, 70 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, 130 மில்லி தேங்காய்ப் பால் கலக்குங்கள். (அங்கே பலர் வெறும் தண்ணீரோ பசும்பாலோதான் விடுவார்கள்; தேங்காய்ப் பால் விடுகிறவர்களும் உண்டு.) 300 கிராம் மைதாவில் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடரைச் சலித்து, ஈரக் கலவையில் சேர்த்து, மைதா மறையும் வரை மட்டும் கிளறுங்கள். அடித்துக் குழைத்தால் ரப்பர் ஆகும். கரண்டியிலிருந்து சொத்தென்று விழும் பதம். கை நிறைய மாவை அள்ளி, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பிதுக்கி எலுமிச்சை அளவில் எண்ணெயில் விடுங்கள். சூடு 165 டிகிரி, 4 முதல் 5 நிமிடம். சூடு சரியாக இருந்தால் பெரும்பாலும் உருண்டை தானாகவே புரண்டுகொள்ளும். பழம் சேர்ந்ததால் நிறம் அடர்ந்த பழுப்பாகவே வரும், அது கருகல் அல்ல.

எண்ணெயே வேண்டாம், ஏர் ஃப்ரையரில் வைக்கலாமா?

வைக்கலாம், எட்டு வடிவ பன் கிடைக்கும். தோல் வறண்டு, உள்ளே நன்றாக இருக்கும். அதை ஃபிரி ஃபிரி என்று கூப்பிட மட்டும் மனசு வராது.

அதைவிட, பொரிக்காமல் சாப்பிடவே பிறந்த ஒன்றைச் செய்யுங்கள்: சமோவாவின் பானி போபோ. போபோ என்றால் முற்றிய தேங்காய். இதே மாவை 12 உருண்டையாக்கி, ஆழமான தட்டில் நெருக்கி அடுக்கி, பொங்கிய பிறகு 400 மில்லி தேங்காய்ப் பாலில் 120 கிராம் சர்க்கரை கரைத்து மேலே ஊற்றி, 180 டிகிரியில் அரை மணி நேரம் ஓவனில் வையுங்கள். பாதிப் பாலை பன் குடித்துக்கொள்ளும், மீதி அடியில் கெட்டியாகிப் பாகாக நிற்கும். சூட்டோடு தட்டைக் கவிழ்த்தால் பாகு மேலே வந்துவிடும்.

எதோடு சாப்பிடுவார்கள்?

காபி. அதுவும் தேங்காய்ப் பால் விட்ட காபியில் முக்கிச் சாப்பிடுவது தஹிட்டிப் பழக்கம். வீட்டில் முயல்வதானால் டிகாக்ஷனில் முதல் பாலை விட்டுக் கொதிக்கவிடாதீர்கள், திரிந்து எண்ணெய் மிதக்கும்; சூடான டிகாக்ஷனில் வெதுவெதுப்பான பாலைக் கடைசியில் சேருங்கள். அங்கே ஞாயிறு காலை மேசையில் இதோடு சுட்ட பன்றிக்கறியும், எலுமிச்சையும் தேங்காய்ப் பாலும் ஊற்றிய பச்சை மீனும்கூட இருக்கும். இனிப்பையும் உப்பையும் ஒரே தட்டில் வைப்பதில் அவர்களுக்குத் தயக்கம் கிடையாது.

மிச்சமானால்?

அன்றே தீர்த்துவிடுவது நல்லது. நான்கு மணி நேரத்தில் தோல் நமத்துவிடும். 160 டிகிரி ஓவனில் அல்லது ஏர் ஃப்ரையரில் நான்கு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். இரண்டும் இல்லையென்றால் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் முதல் நிமிடம் பஞ்சு, ஐந்தாவது நிமிடம் தோல் செருப்பு.

ஆறியதும் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். எடுத்ததும் உருகவிடாமல் நேரே 160 டிகிரியில் எட்டு நிமிடம். சர்க்கரையில் புரட்டியதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், எடுக்கும்போது ஈரம் கசிந்து பிசுபிசுத்துவிடும்.